மூன்று பெடல்களும் அப்பாவின் வலது காலும்

மூன்றே மூன்று பெடல்தான் என்று அவன் சொல்லிவிட்டான். அவன் எங்கள் பழைய பேண்டின் டிரம்மர். பெங்களூரில் நான் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் நான்கு பேர் சனிக்கிழமைகளில் கூடி வாசிப்போம், நான் கிட்டார். இப்போது அவர்கள் எழுபதுகளின் ராக் சத்தத்தில் ஆறு பாட்டுப் பதிவு செய்யப் போகிறார்கள், கிட்டாருக்கு ஆள் முடிவாகவில்லை என்று போன் செய்தான்.

"பழைய ரெக்கார்டுல ஒரு அழுக்குச் சத்தம் கேக்குமே, அது வேணும். அந்தக் காலத்து ஆளுங்ககிட்ட ரெண்டு மூணு பெடலுக்கு மேல இருந்ததில்ல. நீயும் மூணோட நிறுத்திக்கோ. வாசிச்சு அனுப்பு. சத்தம் சரியா இருந்தா கிளம்பி வந்துடு" என்றான்.

கிளம்பி வந்துடு என்பதற்கு முன்னால் அவன் சொன்னதெல்லாம் எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

எங்கள் வீடு கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்ற பகுதியில். மூன்று வருடங்களுக்கு முன் அப்பா மிளகு பறிக்க ஏறிய சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்தார். இடுப்பில் தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, வலது பாதம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கீழே அழுத்துவார், மேலே தூக்குவதற்குள் ஒரு யுகம் ஆகும். நான் பள்ளியில் படிக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். ஒரே பிள்ளை. இரண்டு வார லீவில் வந்தேன். லீவு முடியும் சமயத்தில் ஆபீசிலிருந்து, "நீங்க வரவே வேண்டாம், வீட்டிலிருந்தே வேலை பாருங்க" என்றார்கள். ஊரே அதை நல்ல செய்தி என்றது. "ஏனுங்க, உங்க புள்ளைக்கு ஊட்டுலயே ஆபீஸ் வந்துருச்சாமா?" என்று மிளகு வாங்க வந்தவர்கூட அப்பாவிடம் கேட்டுச் சிரித்தார். எனக்கு மட்டும் கதவை வெளியிலிருந்து தாழ் போட்ட மாதிரி இருந்தது.

ராசிபுரத்தில் இருக்கும் அத்தை, "நீ போறதுன்னா சொல்லு, நான் வந்து அண்ணனப் பாத்துக்கறேன்" என்று பல முறை சொல்லியிருக்கிறார். ஆனால் போவதற்கு ஒரு காரணம் வேண்டுமே. எனக்கு இங்கே மூச்சு முட்டுகிறது என்று சொல்லிவிட்டு ஒரு மகள் மலையிறங்க முடியாது. கூப்பிட்டார்கள், போகிறேன் என்றால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அந்தக் கூப்பிடுதல் மூன்று வருடம் கழித்து இப்போதுதான் வந்திருந்தது.

கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் பதினொரு பெடல்கள் இருந்தன. பெடல் என்றால் சோப்பு டப்பா அளவில் ஓர் இரும்புப் பெட்டி. கிட்டாரின் ஒயர் அதற்குள் நுழைந்து ஸ்பீக்கருக்குப் போகும். காலால் மிதித்தால் சத்தம் மாறும். பதினொன்றையும் துடைத்து வரிசையாக வைத்தேன். எங்கள் வீட்டு நடுச்சுவர் கூரைவரை போகாது. என் அறையில் நான் என்ன வாசித்தாலும் அது சுவர் ஏறிக் குதித்து அப்பாவிடம் போய்விடும். கேட்காத தீர்ப்புகள் அங்கிருந்து வந்தபடியே இருந்தன.

சத்தத்தை நடுங்க வைக்கும் டிரெமலோ பெடலை மிதித்தேன். "கண்ணு, வோல்டேஜ் கொறையுதா? லைட்டு மினுக்கற மாதிரியே கேக்குது" என்றார். அது வெளியே போனது. எதிரொலிப் பெடலை மிதித்தேன். "இதுக்கு ஒரு பொட்டி வேணுமாக்கும்? அந்த மொடக்குல நின்னு கத்துனா சும்மாவே திருப்பிக் கத்துமே" என்றார். அது உண்மைதான் என்றாலும் கொண்டை ஊசி வளைவைப் பதிவு செய்து அனுப்ப முடியாது. தேய்ந்த டேப்பில் சுற்றி வருவது போல மங்கலாகத் திரும்பும் அந்த எதிரொலியை முதல் பெடலாக எடுத்து வைத்தேன்.

இரண்டாவது ஃபஸ். கிட்டாரின் குரலைக் கிழித்து ரம்பமாக்கும் பெடல் அது. என்னிடம் இரண்டு இருந்தன. புதியது எந்நேரமும் ஒரே மாதிரி உறுமும், சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கும் பிள்ளை போல. பழைய மாதிரியில் செய்த மற்றொன்றுக்குக் குளிர் ஆகாது. காலையில் பனி இறங்கியிருக்கும்போது அதன் சத்தம் இளைத்து விட்டுவிட்டு வரும். பதினோரு மணிக்கு ஓட்டின் மேல் வெயில் ஏறிய பிறகுதான் குரல் தடிக்கும். விலை கூடின பேட்டரியைவிட, பேளுக்குறிச்சி சந்தைக்குப் போனவர்களிடம் சொல்லி வாங்கிய சாதா பேட்டரிதான் அதற்குப் பொருந்தியது. "பலாப்பழத்துல வண்டு பூந்துகிச்சு" என்றார் அப்பா. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நன்றாக வேலை செய்யும் அந்தச் சோம்பேறியையே தேர்ந்தெடுத்தேன்.

மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டேன். அது வாவா பெடல். செருப்பு அளவில், காரின் ஆக்சிலேட்டர் மாதிரி மேலும் கீழும் ஆடும். முன்னால் அழுத்தினால் சத்தம் வாய் திறக்கும், பின்னால் சாய்த்தால் வாய் மூடும். எழுபதுகளின் சத்தத்துக்கு அது இல்லாமல் தீராது. நான் மிதித்தபோதோ ஒவ்வொரு தடவையும் தாளத்தில் கச்சிதமாக விழுந்து, இணையத்தில் பாடம் எடுப்பவர்கள் வாசிப்பதைப் போலவே இருந்தது. நான்கு நாள் முயன்று எரிச்சலில் பெடலைச் சுவரோரம் தள்ளினேன். தள்ளிய கையோடு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அது எங்கள் வீட்டுப் பழக்கம். புத்தகத்திலோ வாத்தியத்திலோ கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும். மிதிப்பதற்கென்றே செய்த பொருள்தான் என்றாலும் பெங்களூரில் ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் குனிந்து பெடல்களைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் நான் மிதிப்பேன். பேண்டில் அதற்காக என்னை ஓட்டாதவர் இல்லை.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. என் அறையில் ஒழுக ஆரம்பித்ததால் எல்லாவற்றையும் அப்பாவின் அறைக்கு மாற்றினேன். அவர் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். பாதத்தை மேலும் கீழும் ஒரு நாளைக்கு நூறு முறை ஆட்டச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா அதை ஒரு நாளும் செய்ததில்லை. அந்தப் பாதத்துக்குப் பக்கத்தில் வாவா பெடல் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு அந்த எண்ணம் வந்தது.

"அப்பா, இத மிதிங்க."

"வாத்தியத்தயா? ஏங் கண்ணு, நீ சோறுதான திங்கற?"

"நான் மிதிக்கறேனில்லீங்களா?"

"நீ மிதிக்கறதே எனக்குப் புடிக்கல. தொட்டுக் கும்புடறயேன்னு சும்மா இருக்கறேன்."

"அம்மா தையல் மிஷின மிதிச்சாங்க. ஆயுத பூசைக்கு அதுக்கும் பொட்டு வச்சோம், மறுநாளு மிதிச்சுத்தான் தச்சாங்க."

அப்பா கூரையைப் பார்த்தார். "அப்பப் பொட்டு வையி. எங்காலக் கழுவி உடு" என்றார்.

பெடலுக்குச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலைக் கழுவினேன். துடைக்கப் போனால் விடவில்லை; கழுவின காலைத் துண்டில் துடைத்தால் கழுவினதே வீண் என்பது அவர் கட்சி. ஈரக் காலோடு, பெடலைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பாதத்தை அதன் மேல் வைத்தார். நான் வாசித்தேன்.

கால் தாளத்துக்குப் பின்னால் விழுந்தது. விழுந்த கால் எழும்ப மறுத்தது. எழும்பும்வரை நான் அந்த ஒரு சுரத்தையே நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். சத்தம் தயங்கித் தயங்கி வாய் திறந்து, மூட மனமில்லாமல் மூடியது. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவர் காலையே பார்த்தேன். அப்பா பயந்துபோய், "என்ன சாமி, ஒடஞ்சு போச்சா?" என்றார்.

"இல்லீங்கப்பா. இன்னொரு தடவ."

அதற்குப் பிறகு நூறு என்ன, ஒரு நாளைக்கு முந்நூறு முறை மிதித்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நான் கிண்டல் செய்தால், "அம்மி யாரு, நானா?" என்பார். அந்த நாட்களில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள். தினமும் கழுவின காலின் ஈரமும் குங்குமமும் பெடலுக்குள் இறங்கி, மிதிக்கும்போதெல்லாம் கரகரவென்று ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. அதைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே மலையில் கிடைக்காது. கூரியர்காரர் அடிவாரத்துக்கு மேல் ஏற மாட்டேன் என்றார். கரகரப்பு அப்படியே நின்றது.

நான் மிதித்து ஒன்று, அப்பா மிதித்து ஒன்று என்று ஒரே பாட்டை இரண்டு முறை பதிவு செய்தேன். கேட்டுப் பார்த்தால் போட்டியே இல்லை. பக்கத்துத் தோட்டத்து அக்காவை அப்பாவுக்குத் துணைக்கு வைத்துவிட்டு, வீட்டு நெட்டில் அவ்வளவு பெரிய ஃபைல் ஏறாததால் சிக்னலுக்காக வாசலூர்பட்டி போட் ஹவுஸ்வரை பஸ்ஸில் போய், அப்பா மிதித்ததை டிரம்மருக்கு அனுப்பினேன். கால் யாருடையது என்று அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. போகும்வரை நானே அப்படி மிதிக்கப் பழகிவிடலாம் என்று நினைத்தேன். பத்து நாள் ஒளிந்து ஒளிந்து பழகினேன். வரவில்லை. என் கால் வேண்டுமென்றே தாமதித்தது, அந்தத் தாமதமும் நேரம் தவறாமல் வந்து நின்றது.

இருந்தாலும், அவனிடமிருந்து பதில் வரும் முன்பே பையைக் கட்டிவிட்டேன். அத்தையிடம் தேதி சொன்னேன். பையைப் பார்த்த அப்பா, "போயிட்டு வா கண்ணு, அத்தகாரி இருக்கறா, எனக்கென்ன" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தப் பொட்டி?" என்று கேட்டார்.

"அது எடுத்துட்டுப் போகணுங்கப்பா. மூணுல அதும் ஒண்ணு."

"ஆமாமா. அது வேலைக்கு வேணுமல்ல" என்று சொல்லிவிட்டு வலது காலை மெதுவாகப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். நான் இருதலைக்கொள்ளி எறும்பாக அன்று முழுக்க வீட்டுக்கும் கிணற்றடிக்கும் நடந்தேன். ஆனாலும் பையை அவிழ்க்கவில்லை.

மறுநாள் மதியம் டிரம்மர் கூப்பிட்டான். வீட்டில் போன் சிக்னல் அப்பாவின் ஜன்னலோரத்தில்தான் வரும்; அங்கே நின்றால்தான் ஒழுங்காகக் கேட்கும்.

"செம! அந்த வாவா இருக்கே, இப்படி யாருமே மிதிக்க மாட்டாங்க. அந்தக் கரகரப்பு! எந்தக் காலத்துப் பெடல் அது? எப்படிப் பழகின?"

ஆமாம், பழகினேன் என்று சொல்லியிருந்தால் போதும். அடுத்த வாரம் பஸ்ஸில் இருந்திருப்பேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் அவர் காலை என் கால் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அது நான் இல்ல. எங்கப்பா கால். அவருக்கு அந்தக் கால் சரியா வராது."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை, அவ்வளவும் ஆனந்தம்.

"அப்போ நீ வரவே வேண்டாம்! அங்கேயே இரு. அந்த ரூம், அந்த ஓடு, உங்கப்பா கால், எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சத்தம். இங்க ஸ்டுடியோவுக்கு வந்தா கெட்டுப்போயிடும். ஆறு பாட்டும் அங்கிருந்தே வாசிச்சு அனுப்பிடு. கிட்டார் நீதான், முடிவாயிடுச்சு. சந்தோஷமா?"

சந்தோஷம் என்றேன். போன் அணைந்தது.

நீங்க வரவே வேண்டாம் என்று ஆபீசில் சொன்னார்கள், இப்போது இவனும் அதையே சொன்னான். என்னிடம் நல்ல செய்தி சொல்ல வருகிறவர்களுக்கெல்லாம் வேறு வாக்கியம் தெரியாதா என்று ஆத்திரம் வந்தது. ஆபீஸ்மேல் ஆத்திரம், அவன்மேல் ஆத்திரம், உண்மையைச் சொன்ன என் வாய்மேல்தான் எல்லாவற்றையும்விட அதிகம். மூலையில் கட்டி வைத்த பை நின்றது.

"என்ன சாமி சொல்றாப்ல அந்தத் தம்பி? எங்காலப் பத்தி ஏதோ பேச்சு வந்துச்சே" என்றார் அப்பா.

"உங்க காலு இல்லாம முடியாதாமாங்க. ஆறு பாட்டுக்கும் நீங்கதான் மிதிக்கணுமாம்."

அப்பாவின் முகம் விரிந்தது. மரத்திலிருந்து விழுந்த பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. நான் போகிறேனா இல்லையா என்று அவர் கேட்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து வலது கால் தானாக வெளியே வந்து, தரையில் பெடல் வழக்கமாக இருக்கும் இடத்தைத் தேடியது.

"அப்புறம் என்ன, நின்னுட்டே இருக்கற? பையிலிருந்து பொட்டிய எடு. சொம்புல தண்ணி கொண்டா" என்றார்.

சொம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். சொம்பு நிறைந்து வழிந்த பிறகும் குழாயை மூடவில்லை. அந்தச் சத்தத்தில் வாய்விட்டு அழுதேன்.

"இன்னும் சொம்பு நெறையலயா கண்ணு?" என்று உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார்.

"நெறஞ்சிருச்சுங்கப்பா. வாரேன்."