திராவகம் பட்ட கண்ணும் கோபத்தில் செய்த ஜெபமும்

சகோதரிகளே, இந்தச் சாட்சியை என்னால் சாந்தமாகச் சொல்ல முடியாது. நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தோடேயே சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய யுத்தம் முடிந்த மறு வருஷம். மெட்ராஸில் மிஷனரிமார் நடத்திய பெண்கள் கல்லூரியில் நான் ரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டிலிருந்து கப்பலேறிப் படிக்கப்போன பெண் எங்கள் சபையில் நான் ஒருத்திதான். ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள், பக்கத்தில் நின்றவள் அவசரத்தில் கந்தகத் திராவகத்துக்குள் தண்ணீரை ஊற்றிவிட்டாள். தண்ணீரில்தான் திராவகத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துச் சீறும். சீறியது. என் முகத்தில் தெறித்தது.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணும் நிற்குமா என்று வைத்தியருக்கே தெரியவில்லை. வெளிச்சம் படக்கூடாது என்று கட்டுப்போட்டு, துணைக்கு ஆள் சேர்த்து ஊருக்கு அனுப்பினார்கள். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் அப்பா கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். கப்பலடியில் என் கையைப் பிடித்து இறக்கி ரிக்‌ஷாவில் ஏற்றினார். எங்கள் தெருப்பக்கத்து மாட்டுக்கொட்டகை நாற்றம் வந்தபோதுதான் வீடு நெருங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாளிலிருந்து என்னைப் பார்க்கச் சபை ஆட்கள் வந்தார்கள். கண்ணைக் கட்டியிருந்தால் காதும் கேட்காது என்று நினைத்தார்களோ என்னவோ, என் முன்னாலேயே பேசினார்கள். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தப் படிப்பு என்றார்கள். சபை மூப்பர் அதற்கும் மேலே போனார். ஆண்டவர் மறைத்து வைத்ததைத் தோண்டப் போனாள், அதனால்தான் அடித்து நிறுத்தினார், உயிரை விட்டுவைத்ததே கிருபை என்றார். அப்பா மறுக்கவில்லை. இனி மெட்ராஸ் பேச்சே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா அழுதார். அவரும் எதிர்த்துப் பேசவில்லை.

முழங்கால்படியிட மனம் வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே ஆண்டவரிடம் சண்டை போட்டேன்.

"கந்தகத்தைப் படைச்சது நீர்தானே? அது என்னன்னு தெரிஞ்சுக்க ஆசைப்பட்டதுக்கா என்னை அடிச்சீர்? நீர் அடிக்கலைன்னா, இந்த வீட்டுல ஒருத்தர் வாயாலயாவது அதைச் சொல்ல வையும். கண்ணைக்கூட நான் கேக்கல."

ஆமென் சொல்லவில்லை. தினமும் இதையே சொன்னேன். பதில் வரவில்லை. கோபம்தான் ஏறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பாட்டு முடிந்ததும் மூப்பர் அப்பாவை எழுந்து நிற்கச் சொன்னார். ஆண்டவர் மகளைத் தண்டித்துத் திருப்பிக் கொண்டுவந்ததற்காகத் தகப்பனே ஸ்தோத்திரம் சொல்லட்டும் என்றார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூப்பருக்கு எதிராக ஒரு நாளும் வாய் திறக்காதவர் என் அப்பா.

"என்னால சொல்ல முடியல ஐயா," என்றார். "என் பிள்ளையை ஆண்டவர் அடிக்கல. திராவகத்துல தண்ணி ஊத்திட்டாங்க, தெறிச்சிருச்சு. அந்தப் பழியை அவர் மேல போடாதீங்க."

மூப்பர் எழுந்து வெளியே போனார். பாதிப் பேர் அவர் பின்னால் போனார்கள். நான் இருந்த இடத்திலேயே தரையில் விழுந்து அழுதேன். என் ஜெபத்தை அப்பாவிடம் நான் சொன்னதே இல்லை, சகோதரிகளே. நான் கேட்ட வார்த்தையை, நான் எதிர்பார்க்கவே எதிர்பார்க்காத வாயிலிருந்து ஆண்டவர் கொடுத்தார்.

வலது கண்ணும் பிழைத்தது. நான் கேட்காமலே கொடுத்தது அது. பிறகு அப்பாவே என்னை மெட்ராஸ் கப்பலில் ஏற்றிவிட்டார். ஒற்றைக் கண்ணோடு பட்டம் வாங்கினேன். இப்போது இதே சிங்கப்பூரில் பெண்பிள்ளைகளுக்கு ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறேன்.

மூப்பர் மேல் உள்ள கோபம் இன்னும் தீரவில்லை. அதையும் ஆண்டவரிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் நோயோ சாவோ வந்து, இது உன் பாவத்துக்குத் தண்டனை என்று யாரோ சொன்னதை நீங்கள் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். நேராக அவரிடமே போய்க் கேளுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் சண்டை போட்டே கேளுங்கள். அவர் என்னிடம் முகம் சுளிக்கவில்லை. உங்களிடமும் சுளிக்கமாட்டார்.