ஜானவாசக் காரும் ராவிய ராக்கரும்

போன வாரம் மருமகளோடு நகைக் கடைக்குப் போயிருந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் எலக்ட்ரானிக் தராசு. மோதிரத்தை வைத்ததும் எண்கள் கொஞ்சம் தடுமாறி நின்றன. மருமகள் எண்ணைப் பார்த்தாள். நான் தராசைப் பார்த்துச் சிரித்தேன். பெரியவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கடைக்காரர் நினைத்திருப்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில், திருச்சி சின்னக்கடை வீதியில், ஒரு பத்தர் கடைத் தராசில் நான் எடை போட்டது தங்கமல்ல, கார் இன்ஜின் சாமான். நானும் சிநேகிதன் சேவியரும் சேர்ந்து பழைய கார் ஒன்று வைத்திருந்தோம். கூரையை மடக்கலாம், மடக்கினால் திரும்ப விரியாது. மெட்ராஸ் பக்கம் நடக்கும் பந்தயத்தில் ஜெயிப்பதாக உத்தேசம். சேவியர் கல்லூரியில் பௌதிகம் நடத்துபவன். நான் குமாஸ்தா. தோரணை மட்டும் இன்ஜினையே கண்டுபிடித்தவன் தோரணை.

இன்ஜின் வேகமாகச் சுற்ற, வால்வைத் திறந்து மூடும் உறுப்புகள் லேசாக இருக்க வேண்டும். தள்ளும் கம்பிகளுக்குப் பதிலாகப் பழைய விமானச் சாமான்களில் அலுமினியக் குழாய் பொறுக்கினோம். அடுத்தது ராக்கர். சீசா பலகை போல ஆடி, ஒரு நுனியால் வால்வை அமுக்கும் இரும்புத் துண்டு அது. லேசானது எங்கும் கிடைக்காததால், இருப்பதையே அரத்தால் ராவுவதென்று முடிவாயிற்று.

“நுனியில மட்டும் ராவுடா. நடுவுல கை வைக்காதே, பலமே அங்கதான் இருக்கு” என்றான் சேவியர்.

நுனியில் ராவிக் கொண்டுபோனால் தராசு அசையவே இல்லை. நடுவில் ராவினால் தட்டு ஜம்மென்று மேலே ஏறிற்று. எனக்கு அது ஏறுவதைப் பார்க்கப் பிடித்திருந்தது, நடுவிலேயே ராவியதற்கு அவ்வளவுதான் காரணம்.

“இது என்ன நகைங்க தம்பி, இவ்வளவு கறுப்பா?” என்றார் பத்தர்.

“இன்ஜினுக்கு ஒட்டியாணம்” என்றேன். அந்த நகைச்சுவைக்குச் சிரித்தவன் நான் ஒருவன்தான்.

பந்தயத்துக்கு முன்னால் ஸ்ரீரங்கத்தில் அக்காவின் கல்யாணம் வந்துவிட்டது. ஜானவாசத்தன்று மாப்பிள்ளையைக் கோட்டு சூட்டில் ஊர்வலம் அழைத்துவரத் திறந்த கார் வேண்டும். “நம்மாத்துலயே இருக்கேப்பா!” என்றேன். எதற்கெடுத்தாலும் முகம் சுளிக்கும் சம்பந்தி. ஒரு குறை வந்தாலும் அக்கா காலமெல்லாம் அந்த வீட்டில் குத்துப்பேச்சு கேட்க வேண்டியிருக்கும் என்று அப்பாவுக்குப் பயம்.

முன்னால் நாதஸ்வரக்காரர் தோடியை அவசரமே இல்லாமல் இழைத்தபடி நடக்கிறார். பின்னால் பந்தயத்துக்குத் தயாரான என் இன்ஜின். காலை எடுத்தால் நின்றது, மிதித்தால் உறுமிற்று. தோடி காதில் விழவே இல்லை. சித்திரை வீதி முனையில் இன்னும் அழுத்தி மிதித்தேன். ‘டொக்’. கார் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால், ராக்கர் நட்ட நடுவில் இரண்டு துண்டு.

“என்ன ஸ்வாமி, ஒரு கார்கூடவா சரியா ஏற்பாடு பண்ணப்படாது?” என்றார் சம்பந்தி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாப்பிள்ளை இறங்கி வந்து ஒடிந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“யார் ராவினது?”

“நான்தான்.”

“ஏன்டா, ராவறதுக்கு ஒரு அளவு வேண்டாமா?” என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அப்பாவிடம், “நடந்தே வரேன் மாமா. இந்தக் கோட்டுல உட்கார்ந்தா மூச்சு முட்டறது” என்று சொல்லி, நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடக்கத் தொடங்கிவிட்டார். சம்பந்தியும் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.

பந்தயத்துக்கு நாங்கள் போகவே இல்லை. மாப்பிள்ளையாக வந்த அத்திம்பேர் மட்டும் விஷயத்தை விடவில்லை. நான் வீடு கட்டியபோது, “தூணை ராவிடாதேடா” என்றார். பெண்ணுக்கு வரன் பார்த்தபோது, “ஜாதகத்தை ராவிடாதேடா”. என் சஷ்டியப்தபூர்த்தி மேடையில், மாலையும் கழுத்துமாக நான் உட்கார்ந்திருக்கையில் அவர் “தாலியை ராவிடாதேடா” என்றதைக் கேட்டு, வாத்தியார் மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அன்று நிஜமாகவே கோபித்துக்கொண்டேன்.

அக்கா முதலில் போனாள். போன வருஷம் அத்திம்பேரும் போய்விட்டார். இப்போது வீட்டில் எல்லோரும் எனக்கு மரியாதை தருகிறார்கள். என்ன அசட்டுத்தனம் செய்தாலும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ‘ஏன்டா’ என்று கேட்டுச் சிரிக்க ஓர் ஆள் இல்லை.