எல்லா வீட்டிலும் லைற் எரிந்த தெரு

பிள்ளைகளே, என் படிப்பு பத்தாம் வகுப்போடு முடிந்தது. அதற்காக எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு வானிலை தெரியும். நோர்வேயில், ஒஸ்லோ நகரத்து ஹவுகன்ஸ்டுவாவில் மூன்று அடுக்குமாடிகளுக்கு நான் வாக்மெஸ்டர், அதாவது கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள். பனி கொட்டினால் தள்ளுவது, படி வழுக்கினால் பொடிக்கல் போடுவது, இலை விழுந்து தண்ணீர் போகும் வாய் அடைத்துக்கொண்டால் கையை விட்டுக் கிண்டுவது எல்லாம் என் வேலை. விடிய எழும்பியதும் மற்றவர்கள் முகம் கழுவுவார்கள். நான் போனில் வானிலை பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவப் போவேன்.

என் மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது நடந்ததை உங்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாட்டை எடுத்து, அங்கே முன்பு அடித்த பெரிய புயல், வெள்ளம், பனி பற்றி ஒரு பெரிய காட்போட் மட்டையில் எழுதி ஒட்டிக்கொண்டு வர வேண்டும் என்று ரீச்சர் சொல்லியிருந்தா. மகள் அமெரிக்காவை எடுத்தாள். ஏன் என்று கேட்டேன்.

"மாமி அங்கைதானே இருக்கிறா."

மாமி என்றால் என் அக்கா. டெக்சாஸில் கடற்கரையோரத்துச் சின்ன ஊர் ஒன்றில் இருக்கிறா. அத்தான் காலமாகிவிட்டார். மகன் தூரத்தில் வேலை. அக்கா ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்து, தனியாக ஒரு சின்ன வீடு வாங்கி, ஒன்பது வருடமாக அதில் இருக்கிறா.

நானும் மகளும் சனிக்கிழமைகளில் ஸ்டோவ்னர் நூலகத்துக்குப் போனோம். அவள் நோர்வேஜிய மொழியில் வாசித்துச் சொல்ல, நான் கேட்டுக்கொண்டிருப்பேன். விளங்காவிட்டால் நிறுத்தச் சொல்வேன். அவளுக்குக் கோபம் வரும்.

"அப்பா, எனக்குத்தான் ஹோம்வேர்க். உங்களுக்கில்லை."

"நீ வாசி."

முதலில் வாசித்தது 1888ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த பனிப்புயல். அமெரிக்காவின் நடுப்பகுதியில், கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் புல்வெளி. அன்று காலை அந்தக் குளிர்காலத்தில் இல்லாத இளஞ்சூடு. பிள்ளைகள் தடித்த கோட்டை வீட்டிலே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். பிறகு ஒரு நிமிடத்தில் வந்ததுபோல வந்தது புயல். நீட்டிய கை தெரியவில்லை. வீட்டுக்கு நடந்த பிள்ளைகள் பலர் வழியிலே விறைத்துச் செத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வைத்திருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். நான் பனி தள்ளுகிறவன். அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது 1930களில் வந்த மண்புயல்கள். புல்லை எல்லாம் உழுது புரட்டிவிட்டார்கள், மழையும் பொய்த்தது, மண் எழும்பிப் பறந்தது. வீட்டு யன்னல்களில் ஈரச் சீலை தொங்கவிட்டு மூச்சு விட்டார்கள். ஆக மோசமான நாளாகச் சொல்லப்படுவது ஏப்ரல் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிறும் காலையில் வெளித்த வானத்தோடுதான் தொடங்கியது. சனம் கோயிலுக்குப் போய் வந்து, வெயிலைக் கண்டு சந்தோசப்பட்டதாம். பின்னேரம் கறுப்பு மலை ஒன்று நடந்து வருகிறமாதிரி மண் வந்தது.

மூன்றாவது கல்வெஸ்டன். அது டெக்சாஸில் கடலோரத் தீவு நகரம், அக்கா வீட்டிலிருந்து அவ்வளவு தூரமில்லை. அந்தக் காலத்தில் அந்த ஊரின் ஆக உயர்ந்த இடம்கூட மூன்று மீற்றர் வராது. 1900ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, வானம் பெரிதாக இருளவில்லை, ஆனால் தெருக்களில் கடல் தண்ணீர் ஏறத் தொடங்கியது. சனம் என்ன செய்தது தெரியுமா? பெரிய அலை பார்க்கக் கடற்கரைக்குப் போனது. பிள்ளைகள் தெருத் தண்ணீரில் விளையாடினார்கள். அதற்கு முன்பும் புயல்கள் வந்து, பெரிதாக ஒன்றும் செய்யாமல் போயிருந்தன. அதனால் பயமில்லை. கியூபாவில் இருந்த வானிலைக்காரர்கள் புயல் டெக்சாஸ் பக்கம் வரும் என்று கணித்திருந்தார்கள். அமெரிக்காவில் இருந்தவர்கள் அதைக் காதில் போடவில்லை. இரவுக்குள் ஊர் தண்ணீருக்குள். செத்தவர்கள் எண்ணாயிரம் அளவில் இருக்கும் என்கிறார்கள். சரியான கணக்கு ஒருவருக்கும் தெரியாது.

பிறகு அந்த ஊர்ச் சனம் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கடலுக்குப் பெரிய மதில் கட்டினார்கள். அதோடு விடவில்லை. வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மணலைப் பாய்ச்சி, ஊரையே உயர்த்தினார்கள். ஒரு பெரிய தேவாலயத்தையும் அப்படித் தூக்கினார்கள். வருடக்கணக்காக மரப்பலகைப் பாதைகளில் நடந்து திரிந்தார்களாம். நான் கட்டட வேலை தெரிந்தவன். அந்தச் சனம் கெட்டிக்காரர்.

மூன்றையும் மட்டையில் ஒட்டி முடித்த அன்று மகளிடம் ஒன்று சொன்னேன். "பார், மூன்று இடத்திலும் காலமை நல்ல காலமையா இருந்திருக்கு. கண்ணை நம்பினவைதான் மாட்டுப்பட்டவை." அவள் அதையும் மட்டையில் எழுதினாள்.

அந்த மட்டை இன்னும் வகுப்புச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த செப்டெம்பரில்தான், அக்காவின் கரையை நோக்கிப் பெரும் புயல் ஒன்று வருகிறது என்று செய்தியில் சொன்னார்கள். கடற்கரை ஊர்களில் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. வெள்ளிக்கிழமை. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தாள். எங்களுக்கு மத்தியானம் இரண்டரை, அங்கே காலை ஏழரை. அக்காவுக்கு வீடியோவில் போன் எடுத்தேன். அக்கா வீட்டு உடுப்போடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா.

"அக்கா, இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

"எங்கை வெளிக்கிடுறது? இஞ்சை பார்," என்று போனை யன்னலுக்குத் திருப்பினா. வெயில். ஒரு மரத்தில் இலைகூட அசையவில்லை.

"புயல் நாளைக்கு இரவுதான். தண்ணி அதுக்கு முந்தியே வந்திடும். இப்பவே ஓடுங்கோ."

"உனக்குப் பனி தள்ளத் தெரியும். இஞ்சத்தைப் புயலைப் பற்றி எனக்குப் படிப்பிக்காதை."

"கல்வெஸ்டனிலை என்ன நடந்தது தெரியுமோ?"

"தெரியும். போன மாசம் நீ ஒரு மணித்தியாலம் சொன்னனி. தேத்தண்ணி ஆறிப்போச்சு."

மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னா.

"தம்பி, நான் ஆறு வீடு விட்டிட்டு ஓடினனான். ஒவ்வொரு முறையும் ரெண்டு நாளிலை திரும்பலாமெண்டுதான் சொன்னவை. ஒண்டுக்கும் திரும்பேல்லை. உனக்குத் தெரியாததோ? இந்த வீட்டை விடமாட்டன்."

சண்டையில் மன்னாரில் இருந்து நாங்கள் இடம்பெயர்ந்த காலம் எனக்கும் தெரியும். பிள்ளைகளே, நான் அக்காவோடு அந்த இடத்தில் வாதாடவில்லை. வாதாடினால் போனை வைத்துவிடுவா. வேறொன்று கேட்டேன்.

"அக்கம்பக்கத்து ஆக்கள் என்ன செய்யினம்?"

"அவை எல்லாம் நிக்கினம். அதைத்தானே நானும் பாத்துக்கொண்டு இருக்கிறன். ராத்திரி எல்லா வீட்டிலும் லைற் எரிஞ்சது. இப்பவும் வாசல் லைற்றுகள் எரியுது. அவை வெளிக்கிட்டால் நானும் யோசிப்பன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் சனம் அரசாங்கத்தின் உத்தரவுக்கு ஒருநாளும் எழும்பினதில்லை. ஒலிபெருக்கியில் எத்தனை தரம் சொன்னாலும் அடுத்த வீட்டைத்தான் பார்ப்போம். அடுத்த வீட்டார் கிணற்றுக் கயிற்றையும் வாளியையும் கழற்றினால், அது உண்மையான ஓட்டம். நாங்களும் கழற்றுவோம். அந்தக் கணக்குப் பிழைத்ததே இல்லை. அக்கா அமெரிக்காவிலும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு இருந்தா.

"ஆக்களைக் கண்ணாலை கண்டனீங்களோ?"

"லைற் எரியுதெண்டால் ஆள் இருக்குத்தானே."

"கார்?"

"இஞ்சை எல்லாரும் காரைக் கராஜுக்கை விட்டுப் பூட்டுவினம். தெருவிலை ஒண்டும் தெரியாது."

"அக்கா, போனையும் கொண்டு வெளியிலை வாங்கோ. பக்கத்து வீட்டுப் பெல்லை அமத்துங்கோ."

அக்காவுக்கு வெட்கம். ஒன்பது வருடத்தில் ஒரு வீட்டுப் பெல்லையும் அவ அமத்தியதில்லை. தெருவில் கண்டால் கை காட்டுவா, அவ்வளவுதான். "காலங்காத்தாலை என்னத்தைச் சொல்லி அமத்துறது?" என்றா.

மகள் போனுக்குள் தலையை விட்டாள். "மாமி, சீனி கேளுங்கோ."

"போடி."

ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு போனா. முதல் வீட்டில் வாசல் லைற் எரிந்தது. பெல்லை அமத்தினா. ஒருவரும் வரவில்லை. "நித்திரையாக்கும்" என்றா. இரண்டாவது வீட்டில் புல்லுக்குத் தண்ணீர் தூவும் குழாய் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நாளைக்குப் புயல் வரப்போகிறது, இன்றைக்கு அது புல்லை நனைக்கிறது. பெல்லை அமத்தினா, கதவைத் தட்டினா. இல்லை. மூன்றாவது வீட்டிலும் இல்லை. அக்காவின் நடை மெல்ல மெல்ல விரைவானது. போன் ஆடியதில் எங்களுக்கு ஒருதரம் வானமும் ஒருதரம் சீமெந்து நிலமும் தெரிந்தன.

நாலாவது வீட்டில் அமத்தியதும் பெல்லே கதைத்தது.

அக்கா ஓரடி பின்னால் பாய்ந்தா. அந்தப் பெல்லில் கமெரா இருந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரி தன் தாய் வீட்டில், நாலு மணித்தியால ஓட்டத் தூரத்தில் இருந்து, போனில் பார்த்துக் கதைக்கிறா. ஆங்கிலத்தில் விரைவாகச் சொன்னதை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"'நீங்கள் இன்னும் அங்கையோ?' எண்டு கேக்கிறா அப்பா. அவை நேற்றே போயிட்டினமாம். லைற் ரைமரிலை தானா எரியுதாம், கள்ளர் வராமல் இருக்க. மாமியை இப்பவே போகச் சொல்லுறா."

கள்ளரை ஏமாற்றிப் பேய்க்காட்டப் போட்ட லைற், என் அக்காவை இரவு முழுக்கப் பேய்க்காட்டியிருக்கிறது.

அக்கா தெரு நடுவில் வந்து நின்றா. போனைச் சுற்றிக் காட்டினா. இரண்டு பக்கமும் அழகான வீடுகள், வெயில், எல்லா வாசலிலும் லைற். "தம்பி," என்றா. "முழுத் தெருவும் வெறுமையாக் கிடக்கு. நான்தான் மிச்சம்."

"இப்ப உள்ளுக்குப் போங்கோ. பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம், மருந்து."

"அது எப்பவும் ஒரு பைக்கைதான் இருக்கு. உனக்கு நான் சொல்லித் தரவேணும்." குரலில் பழைய அதட்டல் வந்துவிட்டது. எனக்கு அது நல்ல குறி. ஆனால் காரில் ஏறியதும் மறுபடி நின்றுவிட்டா. "நான் ஹைவேயிலை தனிய ஓடினதில்லை. வேலைக்கும் கோயிலுக்கும் மட்டும்தான் ஓடுறனான்."

அந்த நேரத்தில் நான் ஒஸ்லோவில் ஒரு குசினி மேசையில் இருக்கிறேன். வழி சொல்ல எனக்குத் தெரியாது. மகள் வரைபடத்தைத் திறந்து தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் அக்காவே தெரு முனையில் ஒருவரைக் கண்டுவிட்டா. ஒரு கிழவர், பெரிய பிக்கப் வாகனத்தில் ஒரு நாயை ஏற்றிக்கொண்டிருந்தார். பிடிவாதத்தில் அவரும் அக்காவின் சாதிதான் போல. அக்கா காரைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்தி, யன்னலைத் திறந்து கேட்டது எங்களுக்கும் கேட்டது. உங்களுக்குப் பின்னால் நான் வரலாமா என்று கேட்டா. அவர் தொப்பியைத் தொட்டு, மெதுவாகத்தான் ஓடுவேன், என் பின் லைற்றைப் பார்த்துக்கொண்டு வா என்றாராம்.

"போனை வைக்கிறன். ஓடேக்கை கதைக்கக் கூடாது," என்றா அக்கா.

அன்று இரவு ஒரு மோட்டலில் இருந்து இரண்டு வரி அனுப்பினா. வந்து சேர்ந்தாச்சு, தலையிடி, போன் எடுக்காதை. சனிக்கிழமை முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழை வரும் என்று போட்டிருந்ததால் மூன்று கட்டடத்திலும் தண்ணீர் போகிற வாய்களைத் துப்புரவாக்கினேன். அடைக்காத வாய்களையும் துப்புரவாக்கினேன்.

ஞாயிறு பின்னேரம் அக்கா போன் எடுத்தா. புயல் கடைசி நேரத்தில் கிழக்கே திரும்பிவிட்டது. அவவின் தெருவில் கொஞ்ச மழையும் காற்றும், கரண்ட் மட்டும் போனது. வீட்டுக்கு ஒன்றும் இல்லை.

"என்ரை ஃபிறீசரிலை இருந்த இறால் முழுக்கப் பழுது. மூண்டு கிலோ. மோட்டல் கட்டிலிலை முதுகு முறிஞ்சு போச்சு. உன்ரை வாயாலை வந்தது. பனி தள்ளுறவனை நம்பி ஓடினனான் பார்."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். "அப்பா, அப்ப நீங்கள் சொன்னது பிழையோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இல்லை, பிள்ளைகளே. அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். புயல் திரும்பும் என்று வெள்ளிக்கிழமை காலை ஒருவருக்கும் தெரியாது. கல்வெஸ்டன் சனத்துக்கும் முந்திய புயல்கள் ஒன்றும் செய்யாமல்தான் போயின. அதைக் கண்டுதான் அவர்கள் அலை பார்க்கப் போனார்கள். வெறும் மழைக்குப் பத்துத் தரம் ஓடினாலும் அது வீணான ஓட்டம் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அக்கா இன்னும் இறாலில்தான் நின்றா. நான் குறுக்கே கேட்டேன். "எப்ப வீட்டை போறியள்?"

"நாளைக்குக் காலமை. கிழவரும் இந்த மோட்டல்தான், பத்து மணிக்கு வெளிக்கிடுறார். நானும் அவருக்குப் பின்னாலைதான்." பிறகு சொன்னா: "ஆறு வீட்டுக்குத் திரும்பேல்லை. இதுக்குத் திரும்புறன்."

அடுத்த நொடி பழைய அதட்டல் திரும்பி வந்தது.

"அடுத்த முறை புயலெண்டு எனக்குப் போன் எடுத்துப் பார்."

"எடுப்பன் அக்கா."

"எடு பாப்பம்," என்றுவிட்டு, மறுபடி இறாலுக்குப் போனா. முழுவதையும் கேட்டேன்.