தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டரும் தூக்கிச் செல்பவனும்

கம்ப்யூட்டர் விற்பவனுக்கு மூளை வேண்டும் என்பார்கள். 1991-ல் எனக்குத் தேவைப்பட்டது தோள்பட்டை. பஸ்ஸில் சாமான் சுமந்து வியாபாரம் பார்த்த சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

முதலாம் தலைமுறை

எங்கள் கம்பெனி விற்ற முதல் 'போர்ட்டபிள்' ஒரு சூட்கேஸ் அளவு இருக்கும். மூடியைக் கழற்றினால் அதுதான் கீபோர்டு. உள்ளே தபால் கார்டு அளவில் ஒரு பச்சைத் திரை. அடுத்த மாடலில் ஹார்டு டிஸ்க் வைத்தார்கள், கனம் கூடியது. மூன்றாவதாக லேப்டாப் வந்தது. மடியில் வைத்துக்கொள்ளலாம், பாட்டரியில் ஓடும். அதை என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த தயாளனுக்குக் கொடுத்தார்கள். எனக்குப் பழைய பெட்டியே.

பூந்தமல்லியில் பஸ் ஏறினோம். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் குழந்தை மாதிரி அதை வைத்துக்கொண்டான். என் பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட். வயிறு எரிந்தது. செம்பரம்பாக்கம் தாண்டியதும் பக்கத்தில் நின்ற பூக்கார அம்மா என் பெட்டியைக் காட்டிக் கேட்டார்: "இன்னா தம்பி, தையல் மெஷினா? ஜாக்கெட் தைக்க எவ்ளோ வாங்கினு கீறே?"

கரண்ட் போனது

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. இந்த ஆர்டரைப் பிடிப்பவருக்கே ஏரியா மேனேஜர் பதவி என்று எங்கள் மேனேஜர் சொல்லியிருந்தார். நான் ஸ்டாக் கணக்கைத் திரையில் கொண்டுவந்து விளக்கும்போது கரண்ட் போய்விட்டது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

தயாளன் மெதுவாக லேப்டாப்பைத் திறந்தான். இருட்டறையில் அவன் முகம் மட்டும் சாமி படம் போல ஜொலித்தது. பர்சேஸ் ஆபீசர் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தியபடி என்னிடம் சொன்னார்: "சார், உங்க மெஷின் நல்லா தூங்குது. எழுப்பாதீங்க."

லைனில்

கரண்ட் வந்தபின் உற்பத்தி நடக்கும் லைனுக்கே அழைத்துப் போனார்கள். அவன் பாட்டரி தீரவேண்டும் என்று உள்ளூர வேண்டிக்கொண்டே நடந்தேன். பாட்டரி தீரவில்லை. ஆனால் கூரைக் கண்ணாடி வழியாக வெயில் கொட்டியது. லேப்டாப் திரையில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. தயாளன் கையால் மறைத்தான், சாய்த்தான், தன் சட்டையால் நிழல் கட்டினான். பெட்டிக்குள் நிழலில் இருந்த என் பச்சைத் திரை பளிச்சென்று எரிந்தது. அப்போதுதான் எனக்கு வயிறு குளிர்ந்தது.

லைன் சூப்பர்வைசர் லேப்டாப் திரை முன் குனிந்து, நிமிர்ந்து, கடைசியில் தலையைச் சீவிக்கொண்டே சொன்னார்: "நல்லா கீது சார். மூஞ்சி நல்லா தெரியுது."

பதவி

ஆர்டர் என் பெட்டிக்கே வந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனேன். ஏரியா மேனேஜர் பதவி தயாளனுக்கு. குடோனில் தேங்கிக் கிடந்த பழைய பெட்டிகளையெல்லாம் விற்கும் பொறுப்பு எனக்கு. ஏன் சார் என்றேன். அவர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "இதை விக்க உங்களை விட்டா எனக்கு யாருய்யா இருக்காங்க?"

திரும்பும் பஸ்

அன்று மாலை ஆபீஸிலிருந்து பெட்டிகளோடு வீடு திரும்பும்போது தயாளனுக்கு வாழ்த்துச் சொன்னேன். வாய் மட்டும் சொன்னது. அவனோ லேப்டாப் பையின் வாரைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு, கொட்டக் கொட்ட விழித்திருந்தான். என் பெட்டி பாட்டுக்கு டிரைவர் பக்கத்தில் கிடந்தது. அதன்மேல் ஒருவர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். தயாளன் பெருமூச்சு விட்டான்: "உன்னைப் பாத்தா பொறாமையா இருக்குடா. உன் பொட்டிய எவன் தூக்கினு ஓடப்போறான்? நான் கண் அசந்தா வேலையே போச்சு."

அதைக் கேட்டும் என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. திருடு போகுமோ என்று பயப்படவாவது அவனிடம் ஒரு பொருள் இருந்ததே!