மாமாவின் பேஸ் கிட்டாரும் இரண்டு சேனல்களும்

பேஸ் கிட்டாரின் உடம்பில் கொம்பு மாதிரி மேலே நீண்டிருக்கும் மரத்தில் தாடையை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு, மாமா அதன் தடித்த கம்பியை ஒரே ஒருமுறை மீட்டினார். அந்த அதிர்வு முழுவதும் அடங்கும்வரை அசையவே இல்லை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மச்சான், இது வருது" என்றார். இரும்புலியூரில் அக்கா வீட்டு ஹால், ஒரு சனிக்கிழமை காலை. கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றிருந்த அக்கா உள்ளே திரும்பிப் போனாள். அவள் அழுதாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

மாமா என் அக்காவின் கணவர். பல்லாவரத்தில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் அலுவலக வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிப்பார். பெரிய வித்வான் இல்லை. ஆனால் பாடுகிறவர்களின் மூச்சுக்கு இடம் விட்டு வாசிக்கத் தெரிந்தவர். அக்கா அந்தக் குழுவில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாடுவாள். அங்கே பார்த்துப் பழகித்தான் அவர்கள் கல்யாணம் நடந்தது. ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது இரண்டு காதிலும் மேல்ஸ்தாயியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இனி அது திரும்பாது, கீழ்ஸ்தாயி மட்டும் ஓரளவு நிற்கும் என்றார் டாக்டர். பெண்கள் பேசுவதும் குழந்தைகள் பேசுவதும் அவருக்கு முனகலாகத்தான் விழுந்தது. காதுக்கருவி போட்டால் பேச்சு கொஞ்சம் தெளிந்தது, ஆனால் கிட்டார் சத்தம் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவதுபோல ஆகிவிட்டது. குழுவிலிருந்து யாரிடமும் சொல்லாமல் நின்றுவிட்டார். ஆராதனை நேரத்தில் வெளியே, பைக்குகள் நிறுத்தியிருக்கும் மரத்தடியில் நிற்க ஆரம்பித்தார்.

"தண்ணி லாரி தெரு முனையில திரும்புனா இவருக்குக் கேக்குதுடா. பக்கத்துல நின்னு நான் கூப்பிட்டா கேக்கல" என்று அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னாள். வேடிக்கையாகச் சொல்வதுபோலத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் அப்படி இல்லை. கோவிலம்பாக்கத்தில் என் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த லாரிதான் மனதில் ஓடியது. ஆலயத்தில், கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் பேஸ் கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தவர் வேலை மாறி வெளியூர் போய்விட்டார். கிட்டார் உறையோடு ஒரு மூலையில் கிடந்தது. பாடகர் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டரிடம் கேட்டு அதை எடுத்து வந்தேன். அந்தச் சனிக்கிழமை காலைதான் மாமா அதில் தாடையை வைத்தார்.

கம்பி வந்துவிட்டது, பாடம் வேண்டுமே. காது கேட்காதவருக்கு நேரில் கற்றுக்கொடுக்க யாரிடம் போய் நிற்பது என்று மாமா கூச்சப்பட்டார். எனவே இணையத்தில் தேட ஆரம்பித்தோம். சனிக்கிழமைதோறும் நான் அவர் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். பேஸ் கிட்டாருக்கு இத்தனை சேனல்கள் இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. சிலர் பெட்டியைப் பிரித்துப் புதுக் கிட்டாரின் பளபளப்பைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் கட்டைவிரலால் கம்பியை அறைந்து அறைந்து, ஏதோ தீப்பிடித்ததுபோல வாசிப்பார்கள். பார்த்து முடித்ததும் நம் கையை நமக்கே பிடிக்காமல் போகும். சிலர் பலகையில் கட்டம் போட்டு இலக்கணம் நடத்துவார்கள். நல்ல இலக்கணம்தான், ஆனால் அவர்கள் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் மாமாவுக்கு உதடு தெரியாது. தமிழ்ச் சேனல் ஒன்றில் தானாக ஓடும் எழுத்துகளைப் போட்டுப் பார்த்தோம். "கட்டை விரலை மேல் கம்பியில் வையுங்கள்" என்று அவர் சொல்ல, கீழே "கத்தரி வெயிலை" என்று வந்தது. மாமா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவ்ளோ சூட்டை எப்படி மச்சான் வைக்கிறது?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பார்த்துப் பார்த்துக் கழித்து, கடைசியில் இரண்டு சேனல்கள் தங்கின. ஒன்று, ஏதோ குளிர்நாட்டில் இருக்கும் ஒரு பெண்ணுடையது. அந்த அம்மாள் பேசுவதே இல்லை. கேமரா இரண்டு கைகளுக்கும் மேலே அசையாமல் நிற்கும். எந்தக் கம்பி, எந்தக் கட்டம் என்று கீழே எண்கள் ஓடும். திரையின் ஒரு மூலையில் தரையைத் தட்டும் அவருடைய கால் மட்டும் தெரியும். மெதுவாக ஒருமுறை, நடு வேகத்தில் ஒருமுறை, பிறகு பாட்டின் வேகத்தில். மாமா அந்தக் காலைப் பார்த்து வாசிப்பார். முகமே தெரியாத ஒருவரிடம் அவ்வளவு பணிவாக ஒருவர் உட்கார்ந்திருப்பதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இன்னொன்று வடசென்னைக்காரர் ஒருவருடையது. கல்யாணக் கச்சேரி ட்ரூப்பில் பேஸ் வாசிப்பவர். அவருக்குப் பின்னால் கொடியில் துணி காயும். நடுவில் காலிங்பெல் அடிக்கும், "இரு, வந்துர்றேன்" என்று எழுந்து போய்விட்டு வருவார், அதை வெட்டவும் மாட்டார். "இன்னாத்துக்கு அவசரம்? ஒரு கம்பிதான், அத்த ஒழுங்கா வாசி" என்பார். முதல் சேனலில் மாமா கற்றுக்கொண்டார் என்றால், இதில் அவருக்குக் கிட்டாரைக் கையில் எடுக்கும் ஆசை வந்தது. "நல்லா வாசிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க மச்சான். நம்மளையும் வாசிக்க வைக்கிறவங்கதான் கம்மி" என்று அவர் ஒருமுறை சொன்னார். ஆனால் இவர் பேசும்போது பின்னணியில் இசை ஓடிக்கொண்டே இருந்ததால் மாமாவுக்குப் பாதி பிடிபடவில்லை. வீடியோவுக்குக் கீழே மாமா ஒரு குறிப்பு எழுதினார். தனக்குக் காது சரியாகக் கேட்காது, பேசும்போது இசையை நிறுத்த முடியுமா, காலையும் கொஞ்சம் காட்ட முடியுமா என்று. எழுதிவிட்டு, தேவையில்லாமல் எழுதிவிட்டோமோ என்று அன்று முழுவதும் சங்கடப்பட்டார். அடுத்த வீடியோவில் பின்னணி இசை இல்லை. அவர் பேசுவதை அவரே தட்டச்சு செய்து, அவர் பேச்சு மாறாமல் கீழே போட்டிருந்தார். ரப்பர் செருப்பு போட்ட கால் ஒரு மூலையில் தெரிந்தது. "சார் ஒருத்தர் கேட்டுக்கினாரு. பேஜாரா கீதுன்னா சொல்லுங்க சார், மாத்திடலாம்" என்று எழுதியிருந்தது. மாமா அதை நிறுத்தி நிறுத்திப் படித்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கை நன்றாகப் பழகிவிட்டது என்று நம்பிக்கை வந்த பிறகு ஒரு மாலை ஒத்திகைக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். கொயர் மாஸ்டருக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. "பேஸ் தப்புனா எல்லாருமே சேர்ந்து தப்புவோம்" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பாட்டு தொடங்குவதற்கு முன், மேலே பாடுகிறவர்களுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, சுருதியை ஒரு படி இறக்கிக்கொள்வோம் என்று அறிவித்தார். குனிந்து கம்பியைத் திருத்திக்கொண்டிருந்த மாமாவுக்கு அது கேட்கவில்லை. பாட்டு முழுவதையும் பழைய சுருதியிலேயே, தப்பே இல்லாமல், முகமெல்லாம் பூரிப்போடு வாசித்தார். யாருக்கும் நிறுத்த மனம் வரவில்லை. முடிந்ததும் நிமிர்ந்து சுற்றிப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. கிட்டாரை உறையில் போட்டு, ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். வீட்டுக்கு வந்தபின் அது அலமாரிக்கு மேலே போய்விட்டது.

அவர் திரும்ப எடுப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நடந்ததை அந்த ட்ரூப்காரருக்கு அவர் எழுதியிருக்கிறார். எங்களுக்கு அது தெரியாது. சில வாரங்கள் கழித்து, எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதுபோல அவர் ஒரு வீடியோ போட்டார். மேடையில் பாதி நாள் தனக்கே எதுவும் கேட்காதாம். எதிரே தவில், பக்கத்தில் ஜெனரேட்டர். "அப்ப இன்னா பண்ணுவேன்? கீபோர்டுகாரர் இடது கைய பார்த்துகினே வாசிப்பேன். அது எங்க போவுதோ நானும் அங்க போவேன். காது இல்லாட்டி கண்ணு கீது சார்." அந்தச் 'சார்' யாருக்கு என்று மாமாவுக்குத் தெரியும். அன்றைக்கே நாற்காலி போட்டு ஏறி அலமாரியிலிருந்து கிட்டாரை இறக்கினார். ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கும் டீச்சரிடம் அக்காவே போய்ப் பேசினாள். டீச்சர் தன் ஸ்டாண்டைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இடது கையால் சுருதியை அழுத்திப் பிடித்திருப்பார்; மாமா தலையாட்டிய பிறகுதான் ஆரம்பிப்பார்.

அப்படிச் சில ஞாயிறுகள் ஒழுங்காகப் போயின. ஓர் அறுப்பின் பண்டிகை ஆராதனையில், கீர்த்தனையின் நடுச்சரணத்தில் கரண்ட் போய்விட்டது. மின்விசிறிகள் தளர்ந்தன, மைக் செத்தது, கீபோர்டும், பேஸின் சத்தத்தைக் கூட்டும் ஆம்பும் அணைந்தன. டீச்சர் கையை எடுத்துவிட்டார். குழு மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டிருந்தது. நான் மாமாவைப் பார்த்தேன். பார்ப்பதற்கு இடது கை இல்லை. ஒரு கணம் அவர் கண் அலைந்தது. பிறகு பெண்கள் வரிசையில் அக்கா முகத்தில் போய் நின்றது. அவள் வாயையும், மூச்சிழுக்கும்போது ஏறி இறங்கும் தோளையும் பார்த்தபடி, ஒருவருக்கும் கேட்காத கம்பிகளில் விரல்களை ஓட்டிக்கொண்டே இருந்தார். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி வெளிச்சம் வந்தது. கீபோர்டு உயிர்பெறச் சற்று நேரம் எடுக்கும்; அதற்கு முன் வந்தது பேஸ்தான். சரணத்தின் சரியான சொல்லில், சரியான சுருதியில், குழுவின் காலடியில் வந்து சேர்ந்தது. கொயர் மாஸ்டர் கையசைப்பதை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, எப்படி மாமா என்று கேட்டேன். "தரை அதிர்றது நின்னுடுச்சு, கரண்ட் போச்சுன்னு தெரிஞ்சுது. உங்க அக்கா வாயைப் பார்த்தேன். அவ்ளோதான்" என்றார். அக்கா கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "கல்யாணத்துக்கு அப்புறம் இப்பதான் பார்க்கிறாரு" என்றாள். அதை அவர் பக்கம் நன்றாகத் திரும்பி, உதடு தெரியும்படி சொன்னாள்.

மாமாவுக்குக் காது கேட்பது இப்போது இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, வாசிப்பு குறையவில்லை. அலுவலகத்தில் யாராவது பேஸ் கிட்டார் பழக நல்ல சேனல் தெரியுமா என்று கேட்டால், நான் அந்த இரண்டையும் அனுப்பிவைக்கிறேன். புதிதாக எதையாவது கண்டால் உடனே அனுப்புவதில்லை. முதலில் ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு ஒருமுறை பார்க்கிறேன். அப்போதும் பாட்டு போகும் வழி தெரிந்தால் மட்டுமே அனுப்புகிறேன்.