முயல்குட்டிக்காக நான் சொன்ன சாட்சி

ஏர்பேட்டில் என் நாத்தனாரின் வேர்க்கடலைக் கொல்லையில் களையெடுக்கப் போயிருந்தபோதுதான் அந்தக் காட்டு முயல்குட்டி கண்ணில் பட்டது. செடிக்கடியில் காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினேன்; ஓடவில்லை. சுற்றுமுற்றும் தாயைக் காணோம். பாவம், அநாதை என்று முடிவுகட்டிவிட்டேன். எதையும் முடிவுகட்ட எனக்கு அதிக நேரம் ஆகாது. முந்தானையில் சுற்றி, பஸ் ஏறி, திருப்பதியில் எங்கள் வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அதை வளர்ப்பது லேசாக இல்லை. ஊசி இல்லாத சிரிஞ்சில் ஆட்டுப்பாலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் மூக்கில் ஏறிவிடும். குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால்தான் சிறுநீர் போகும். மிக்ஸி ஓடினால் அட்டைப்பெட்டிக்குள் துள்ளித் துள்ளி முட்டிக்கொள்ளும். அதற்காக அம்மியில் சட்னி அரைத்தேன்.

"நான் இத்தினி வருசமா கேட்டு அரைக்காதவ, முசலுக்கு அரைக்கிற," என்று என் கணவர் சிரித்தார்.

குட்டி பிழைத்தது. அறுகம்புல் கடிக்க ஆரம்பித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதோடு விட்டேனா? ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றேன். தாயில்லாத ஒரு ஜீவனைக் காப்பாற்றக் கர்த்தர் என் கையைப் பயன்படுத்தினார் என்று குரல் தழுதழுக்கச் சொன்னேன். போதகர் அன்றைய பிரசங்கத்திலேயே என்னைச் சேர்த்துக்கொண்டார். அதன்பிறகு சபையில் எல்லாரும் என்னை முயலம்மா என்று கூப்பிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

சில நாளில் குட்டிக்குக் கழிச்சல் கண்டது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். எங்கே கிடைத்தது என்று தெலுங்கில் கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவர் திட்டவில்லை. தாய் முயல் பகலில் குட்டியின் பக்கத்தில் இருக்காது, பொழுது சாய்ந்த பிறகு வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும், அதுவரை குட்டி அசையாமல் இருப்பதுதான் அதற்குக் காவல் என்றார். மனிதருக்குப் பழகிவிட்டதால் இது இனிக் காட்டில் பிழைப்பது கடினம், வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

மருந்தில் குணமானதும் ஒப்படைத்தேன். ஆனால் சபையில் வாய் திறக்கவில்லை. யாராவது விசாரித்தால், "நல்லா இருக்குது," என்று நகர்ந்துவிடுவேன். முயலம்மா என்று கூப்பிட்டால் உடம்பு கூசியது. அப்போதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

போன மாதம், ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் நின்றிருந்தோம். ஏர்பேட்டுப் பக்கத்திலிருந்து வருகிற, கூலிவேலை செய்யும் பெண் ஒருத்தி துணிப்பையோடு என்னிடம் வந்தாள். உள்ளே ஒரு முயல்குட்டி.

"காலைல கரும்புக் கொல்லை ஓரமா குந்திக்கினு இருந்துச்சிக்கா. தாயக் காணோம். நீங்க சாட்சி சொன்னீங்களே, அந்த நெனப்புல தூக்கிக்கினு வந்துட்டேன்."

போதகரும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நான் பையை அவள் பக்கமே தள்ளினேன்.

"இப்பவே எடுத்துக்கினு போம்மா. எடுத்த எடத்துலயே வுட்டுடு. பொழுது சாஞ்சா தாய் வரும்."

"நெசமா வருமாக்கா?"

"வரும்."

அவள் பையை மார்போடு அணைத்தபடி என்னையே பார்த்தாள்.

"அப்போ உங்களுதுக்கும் தாய் வந்திருக்குமேக்கா?"

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வந்திருக்கும்," என்றேன்.