கிஸிம் ஹஸ்தானேதே

அப்போது நான் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். புது மிஷின் பொருத்தத் துருக்கியிலிருந்து வந்த மெக்கானிக், வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, போனும் கையுமாகவே நின்றார்.

"ஏனுங்க, வேலைக்கு வந்தீங்களா, பேச வந்தீங்களா?" என்று கத்திவிட்டேன்.

அவர் ஓர் அட்டையில் தன் மொழியில் "கிஸிம் ஹஸ்தானேதே" என்று எழுதி, தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் பிரித்துக் காட்டினார். 'கிஸ்' என்றால் மகள். 'இம்' என்னுடைய. 'ஹஸ்தானே' ஆஸ்பத்திரி. கடைசியில் ஒட்டியிருந்த 'தே', நம்முடைய 'இல்'. என் மகள் ஆஸ்பத்திரியில். தமிழைப் போலவே, 'இருக்கிறாள்' என்றுகூடச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

மேனேஜரிடம் ஓடினேன். "அவரு மக ஆஸ்பத்திரியிலயாமுங்க. இன்னைக்கே அனுப்பி வெச்சிருங்க."

அன்றே கிளம்பினார். மகள் பிழைத்துக்கொண்டதாகப் பிறகு தகவல் வந்தது.

இலக்கணம் புரிந்த பிறகுதான் எனக்கு அந்த மனிதர் புரிந்தார். கத்துவதற்கு முன் முகத்தை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.